சோழர் காலத் திருப்பட்டிகையும் சிம்மமுகமும்

சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் இடையாடையைப் பற்றிநிற்கும் பட்டிகையின் நடுவே, பிதுங்கிய விழியும் பிளந்த வாயும் உடைய சிம்மமுகம் அமைந்திருத்தல் பெருவழக்காகும். இதனைக் கீர்த்திமுகம் எனவும் வழங்குவர். சிவபெருமான் ஆணையால் தன்னுடலையே தின்று முகம் மட்டுமாக எஞ்சிய பூதத்தின் கதை இப்பெயரோடு தொடர்புடையது. கோயில் வாயிலைக் காக்கும் அம்முகம் ஆடையின் பூட்டுவாயிலும் இடம்பெற்றது பொருத்தமே. எனினும், புராணப்பொருள் ஒன்றே இவ்வடிவை நிலைபெறச் செய்தது எனல் சாலாது. பட்டிகையின் இருமுனைகளும் கூடும் பொருத்தினை அம்முகம் மறைக்கிறது. தொடைமேல் தொங்கும் சரங்கள் அதன் வாயினின்று புறப்படுவனபோல் அமைகின்றன. கம்மியர்க்கு இது தொழில்நுட்ப வசதியுமாகும். திருமுருகாற்றுப்படை மகளிர் தலைக்கோலத்தில் மகரப்பகுவாயைச் சுட்டுவதால், விலங்கின் திறந்த வாயை அணியுறுப்பாக்கும் மரபு தமிழகத்தில் சோழர்க்கு மிக முற்பட்டது என்பது தெளிவு.

பொன்னால் இயன்ற பட்டிகைகளை அறியத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளே தலையாய சான்று. முதலாம் இராசராசன் (985–1014) அளித்த அணிகலன்களுள் திருப்பட்டிகையும் ஒன்று. பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகள் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இங்கு ஆய்வாளர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மணியணிகளின் எடை அரக்கும் பிஞ்சும் உட்படக் கூறப்படுகிறது. மென்தகட்டைப் புடைத்து உருவாக்கும் முகம் உள்ளே வெற்றிடம் உடையது; அதனை நசுங்காது தாங்குவது அரக்கு. ஆகவே அக்கழஞ்சுகளைக் கூட்டிக் கோயிலின் பொன்னிருப்பு இவ்வளவு எனக் கணக்கிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

கோயில் அணிகள் வழக்கில் இருந்தமையாலேயே அழிந்தன. தேய்ந்தவை உருக்கப்பட்டுப் புதியனவாயின. 1311ஆம் ஆண்டு மாலிக் கபூர் படையெடுப்பில் பெரும்பொன் வடக்கே சென்றது. சாவகத்திலோ மண்ணுள் புதைந்தவை தப்பின. 1990இல் பிரம்பனானுக்கு அருகே வோனோபோயோவில் கிடைத்த பொற்குவியல் இதற்குச் சான்று. அவற்றைக்கொண்டு சோழர் பொன்வேலையை ஊகிக்கும் முயற்சி ஓரளவே ஏற்கத்தக்கது. தகட்டுவேலையின் நுணுக்கத்தை அங்கிருந்து அறியலாம். முகத்தின் வடிவை அறிய இயலாது. நடுச்சாவகக் கோயில்களின் காலமுகம் பெரும்பாலும் கீழ்த்தாடை அற்றது.