மலை கடந்த நீரும் மரபணுத் தடயமும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மேற்கே அரபிக்கடலை நோக்கிப் பாய்ந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாறு அணை, பாசன வரலாற்றிலும் மாநில உரிமை வரலாற்றிலும் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. நீரோடு மீன்களும் மலையைக் கடந்தனவா என்பது அவ்வரலாற்றின் மற்றொரு வினா. இதற்குச் சூழல் டி.என்.ஏ. முறை எந்த அளவு விடை தரும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அணையும் மீனும்

1886ஆம் ஆண்டின் குத்தகை ஒப்பந்தத்தின்படி, பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது. தேக்கடிச் சுரங்கம் வழியே வரும் நீர் வைரவனாறு, சுருளியாறு ஆகியவற்றில் கலந்து வைகையை அடைகிறது. பெரியாற்றின் மேற்பகுதிக்கே உரிய லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸ் என்னும் மீனினத்தைச் சுந்தர ராஜ் 1941இல்தான் விவரித்தார். அம்மீன் அறிவியற்பெயர் பெறுவதற்கு 46 ஆண்டுகள் முன்பே ஆற்றின் ஒரு பகுதி ஏரியாகிவிட்டது. ஆகவே, அவ்வினத்தைப் பொறுத்தவரை அணைக்கு முந்தைய அறிவியற்பதிவு இல்லை. பின்னாளில் சாதாக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை ஆகிய அயல் மீன்களும் ஏரியில் இடம்பெற்றன.

தடயமும் அதன் எல்லையும்

உயிரினங்கள் உதிர்க்கும் செதில், சளி, கழிவு ஆகியவற்றின் மரபணுத் துணுக்குகள் நீரில் தங்குகின்றன. நீரை வடிகட்டி அவற்றைப் பிரித்து, அறிந்த வரிசைகளோடு ஒப்பிட்டு இனங்களை அடையாளம் காணலாம். பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளையை இவ்வாறு கண்டறிந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் சிலிகா ஏரியில் இம்முறையைப் பயன்படுத்தியுள்ளனர்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓடும் நீர் துணுக்குகளையும் சுமந்து செல்லும். லோயர்கேம்ப்பில் எடுத்த நீரில் பெரியாற்று மீனின் தடயம் கிடைத்தால், மீன் அங்கே வாழ்கிறது எனக் கொள்ள இயலாது. தடயம் தேக்கடியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எனவே பெரியாற்று நீர் கலவாத சுருளி அருவியின் மேற்பகுதியிலும், சுரங்கநீர் நிறுத்தப்பட்ட நாள்களில் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் மாதிரிகள் எடுத்து ஒப்பிடுதல் வேண்டும். வலைவீசிப் பிடித்த மீனும் உடன்சான்றாதல் வேண்டும்.

முடிவுரை

திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டபின் இவ்வாற்றுத்தொகுதியின் உயிரினப் பட்டியல் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. தடயத்தை வாழிடமாகப் பிழைபடக் கொண்டால், ஓரிடத்தில் மட்டுமே எஞ்சிய மீன் ஈரிடத்தும் வாழ்வதாகப் பதிவாகும். அதற்குரிய பாதுகாப்பும் தளரும். சுரங்கத்தின் வரலாற்றை அறிந்தே இங்கு மரபணுச் சான்றைப் படித்தல் வேண்டும்.