கிள்ளானின் இறப்புக் கணக்கும் பாட்டியின் இருமலும்

கிள்ளானின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையைச் சொல்வர், துறைமுகத்தைச் சொல்வர். இறப்புக் கணக்கை எடுத்துப் பார்ப்பவர் அரியர். தோட்டங்களை நாடிக் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலரின் வாழ்வு அங்கேதான் ஒரு வரியாய் முடிந்திருக்கிறது.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டது. கொசுக்காய்ச்சல் ஊரையே சூறையாடியது. சதுப்பு நீரை வடித்துக் காட்டை வெட்டினர். நகரிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் 368 ஆக இருந்த காய்ச்சல் இறப்புகள், அடுத்த ஆண்டில் 59 ஆயின. இதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

என்னை நிறுத்தியது அடுத்த கட்டம். 'பிற நோய்கள்' என்ற தலைப்பின்கீழ் இருந்த 214-உம் 85 ஆகச் சுருங்கியது! வாய்க்கால் வெட்டினால் வயிற்றுக்கடுப்பு ஏன் குறைய வேண்டும்? காய்ச்சல் உருக்கிய உடலை வேறொரு நோய் வந்து முடித்திருக்கும். எழுதியவர் கடைசியாய்க் கண்டதையே காரணமாக எழுதியிருப்பார். நீர் வடிக்கப்படாத சுற்றுப்புறத்தில் இத்தகைய வீழ்ச்சி இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே குறை இன்று நெஞ்சு நோயில் நேர்கிறது. ஈளை, இளைப்பு, இரைப்பு என நாம் பொதுவாய்ச் சொல்லிவிடுகிறோம். உலக நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலோ ஆஸ்துமா ஜே 45. புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட அடைப்பு நோய் ஜே 44. அந்நோய் திடீரென முற்றினால் ஜே 44.1, வகை குறிக்கப்படாவிடில் ஜே 44.9. எண்ணிடும் எழுத்தர் நோயாளியைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதியதையே பார்க்கிறார். மருந்து தந்த பின்னும், ஒருவர் பலங்கொண்டு ஊதும் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது 70 விழுக்காட்டிற்குக் குறைவு என்ற சோதனை முடிவு குறிப்பில் உண்டா? எத்தனை ஆண்டு புகைத்தார்? எவ்வகை அடுப்பில் சமைத்தார்? 'மூச்சுத் திணறல்' என்று மட்டும் எழுதினால் அது நோயாகாது, அறிகுறியே.

என் தந்தையின் தாயார் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். சுருட்டையோ பீடியையோ தொட்டவரல்லர். நாற்பது ஆண்டுகள் லயத்து வீட்டின் இருண்ட அடுப்படியில், ஈர ரப்பர் விறகை ஊதி ஊதிச் சமைத்தார். கடைசி ஆண்டுகளில் நான்கடி நடந்தால் தூணைப் பற்றிக்கொண்டு நிற்பார். வீட்டிலேயே இறந்தார், மருத்துவர் எவரும் பார்க்கவில்லை. இறப்புத் தாளில் 'சாக்கிட் துவா', அதாவது முதுமை, என்று எழுதித் தந்தனர். நாங்களும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டோம்.

நம் நாட்டு இறப்புப் புள்ளிவிவரம் இன்றும் மருத்துவச் சான்று பெற்றவை, பெறாதவை என இரு பிரிவாகவே வெளியாகிறது. பாட்டி இரண்டாவதில் இருக்கிறார். அவரை ஊதவைத்துப் பார்த்திருந்தால் என்ன எண் விழுந்திருக்கும் என்பதை நான் ஊகிக்கலாம், எழுத முடியாது.