இடம் மாற வேண்டியது அணில் அல்ல

நியூஜெர்சியில் மகள் வீட்டுக் கொல்லையில் மாப்பிள்ளை ஒரு ஃபீடர் தொங்கவிட்டிருந்தார். பறவைகளுக்குத் தீனி வைக்கும் நீளமான பிளாஸ்டிக் குழாய் அது. உள்ளே சூரியகாந்தி விதை. கார்டினல் என்ற செக்கச்சிவந்த பறவையும், சிக்கடீ என்ற குட்டிப் பறவையும் வந்து கொத்திவிட்டுப் போகும். காலைக் காப்பியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

ஒரு வாரம்தான் அந்தச் சுகம். எட்டாம் நாள் அணில் வந்தது. நம்மூர் அணில் போலக் கையடக்கமானது அல்ல. முதுகில் ராமர் போட்ட கோடும் கிடையாது. சாம்பல் நிறம், அரைக் கிலோ எடை, உடம்பு நீளத்துக்கு வால். பின்னங்கால்களால் கம்பியைப் பற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மூன்று நாள் தீனியை ஒரே காலையில் தின்று தீர்த்தது.

மாப்பிள்ளை கிளையை மாற்றினார், கயிற்றை மாற்றினார், கம்பியை நீளமாக்கினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு கூண்டுப்பொறி வாங்கி வந்தார்.

"கொல்லமாட்டேன் மாமா. பிடித்துக் கொண்டுபோய் தூரத்தில் ஒரு காட்டில் விட்டுவிடுகிறேன். அதுவும் அங்கே நிம்மதியாக இருக்கும்" என்றார்.

எனக்கும் அது தர்மமாகத்தான் பட்டது. ஆனால் ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது நிறைய. அந்த அணிலைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு அந்தக் கூண்டைப் பார்க்கவே மனசுக்கு ஒப்பவில்லை. ஏனென்றால் அந்த அணிலின் சரித்திரம் முழுவதுமே மனிதன் நல்லெண்ணத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் விட்ட கதைதான்.

கதை பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் தொடங்குகிறது. அமெரிக்கா பிரிட்டிஷார் கையில் இருந்த காலம். மக்காச்சோளக் கொல்லைகளில் அணில்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி அழித்தன. அரசாங்கம் ஓர் அணிலுக்கு 3 பென்ஸ் பரிசு அறிவித்தது. 1749ஆம் ஆண்டில் மட்டும் 8,000 பவுன் கொடுத்தார்களாம். அப்போது அங்கே சுற்றுப்பயணத்தில் இருந்த பீட்டர் கால்ம் என்ற தாவரவியலாளர் எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டால் 6,40,000 அணில்கள்.

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1847இல், அதே பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரத்தில் ஃபிராங்க்ளின் சதுக்கப் பூங்காவில் மூன்று அணில்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தங்குவதற்குப் பெட்டி, தின்பதற்குத் தீனி, எல்லாம் ஏற்பாடு. அதற்குள் நகரங்கள் வளர்ந்து, காடுகள் தூரமாகி, ஊருக்குள் மரத்தில் ஓர் அணிலைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டிருந்தது. பாஸ்டனும் 1855இல் இதைப் பின்பற்றியது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1877இல் சில அணில்களை விட்டார்கள். 1883இல் அங்கே 1,500 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆறே வருஷம்!

இதில் அழகு மட்டும் நோக்கமில்லை. பையன்கள் பிராணிகளைக் கல்லால் அடித்துக்கொண்டு திரிகிறார்கள், கையால் கடலை கொடுக்கப் பழகினால் கருணை வளரும் என்று அன்றைய பெரியவர்கள் நம்பினார்கள். அமெரிக்கச் சாரணர் இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எர்னஸ்ட் தாம்சன் சேட்டனும் நகரங்களில் அணிலை வளர்க்கச் சொன்னவர்தான். ஆக, அமெரிக்க நகரத்து அணில் தானாக வந்த விருந்தாளி அல்ல. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வந்தது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மோசம். 1876இல் தாமஸ் பிராக்கில்ஹர்ஸ்ட் என்பவர் செஷயர் பகுதியிலுள்ள தன் தோட்டத்தில் இரண்டு அமெரிக்கச் சாம்பல் அணில்களை விட்டார். 1890இல் பெட்ஃபோர்டு பிரபு குடும்பத்தின் வோபர்ன் தோட்டத்தில் பத்து அணில்கள் விடப்பட்டன. அவை எங்கிருந்து போனவை தெரியுமா? என் மகள் குடியிருக்கும் இதே நியூஜெர்சியிலிருந்து. அங்கே பெருகியவற்றை நாட்டின் பல தோட்டங்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்துக்கென்று ஒரு சிவப்பு அணில் உண்டு. காதில் குஞ்சம் வைத்த சின்ன அணில். சாம்பல் அணிலின் உடம்பில் ஒருவகை அம்மைக் கிருமி இருக்கிறது. அதை அது ஒன்றும் செய்யாது. சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் பெரும்பாலும் மரணம்தான். அதோடு, முற்றாத ஓக் கொட்டையையும் ஜீரணிக்கும் சக்தி சாம்பல் அணிலுக்கு அதிகம். இரையிலும் தோற்று, நோயிலும் விழுந்து, சிவப்பு அணில் ஒவ்வொரு மாவட்டமாக மறைந்தது. 1937இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் தடை செய்யப்பட்டன. 1950களில் ஒரு வால் கொண்டுவந்தால் ஒரு ஷில்லிங் என்று அரசாங்கம் பரிசு வைத்தது. பிறகு இரண்டு ஷில்லிங். எதுவும் பயன்படவில்லை. இன்று அந்த நாட்டில் சாம்பல் அணில் சுமார் 27 லட்சம். சிவப்பு அணில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் பெரும்பாலும் ஸ்காட்லாந்தில்.

அணிலைப் பிடித்து வேறிடத்தில் விடும் யோசனையும் புதிதல்ல. ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவர் கோல்ஃப் பழகுவதற்கு ஒரு சின்ன மைதானம் அமைத்திருந்தார்கள். அணில்கள் கொட்டை புதைப்பதற்காக அதைத் தோண்டின. 1955இல் அவற்றைப் பொறி வைத்துப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். ஒரேகான் மாநில செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்து, வெள்ளை மாளிகை அணில்களைக் காப்பாற்ற நிதியே திரட்டினார். நாடே சிரித்தது.

அப்படி அப்புறப்படுத்தப்படும் அணிலுக்கு என்ன ஆகிறது? இதற்குப் பதில் எனக்கு 2004இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. மேரிலாந்தில் குடியிருப்புப் பகுதிகளில் பிடித்த 38 சாம்பல் அணில்களை ஒரு பெரிய காட்டில் விட்டுக் கண்காணித்தார்கள். 88 நாட்களுக்குள் நூற்றுக்கு 97 பங்கு செத்துப்போயின, அல்லது விட்ட இடத்திலிருந்து காணாமல் போயின. அதாவது 38இல் மிஞ்சியது ஒன்று.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். சாம்பல் அணில் ஒவ்வொரு கொட்டையாக வெவ்வேறு இடத்தில் புதைத்து வைத்துத்தான் பனிக்காலத்தைத் தள்ளுகிறது. அந்தச் சேமிப்பு முழுவதும் பழைய கொல்லையில் கிடக்கிறது. புதுக் காட்டில் கூடு இல்லை, வழி தெரியாது, ஏற்கெனவே இருக்கும் அணில்கள் விரட்டும். பிடிபட்டது தாய் அணிலாக இருந்தால் கூட்டில் குட்டிகளும் பட்டினி. கொல்லவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் சாகட்டும் என்று அனுப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

இதை மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ என்னதான் மாமா செய்வது?" என்றார்.

அதற்கும் வழி இருந்தது. சாம்பல் அணில் தரையிலிருந்து சுமார் நாலைந்து அடி உயரம் எம்பும். பக்கவாட்டில் எட்டு பத்து அடி தாவும். ஆகவே ஃபீடரை மரம், வேலி, கூரை எல்லாவற்றிலிருந்தும் பத்தடிக்கு மேல் தள்ளி ஒரு வழவழப்பான இரும்புக் கம்பத்தில் மாட்ட வேண்டும். கம்பத்தில் ஐந்தடி உயரத்தில் அகலமான தகரப் புனல் ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நம் பக்கத்தில் எலி ஏறாமலிருக்கத் தென்னை மரத்தில் தகரம் சுற்றுவோமே, அதே யுக்திதான். கம்பத்தில் எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது. ரோமத்திலும் இறகிலும் ஒட்டினால் ஆபத்து.

தீனியை மாற்றுவதும் ஒரு வழி. நம் நாட்டிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் போகும் பேயெள்ளை அங்கே நைஜர் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் முளைத்துவிடாதபடி சூடுபடுத்தித்தான் உள்ளே விடுவார்களாம். சின்னப் பறவைகளுக்கு அது மிகவும் பிடிக்கும், அணிலுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

காரம் சேர்த்த விதையும் கடையில் கிடைக்கிறது. மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பி நமக்கும் அணிலுக்கும் உண்டு. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளிடம் உள்ள அந்த ஏற்பியில் காரம் உறைப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ஆசையாகத் தின்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சமையலறை மிளகாய்ப் பொடியை அள்ளித் தூவிவிடாதீர்கள். காற்றில் பறந்து எல்லார் கண்ணையும் பதம் பார்க்கும்.

மாப்பிள்ளை கூண்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை இருவருமாகக் குழி தோண்டிக் கம்பம் நட்டோம். மறுநாள் அணில் வந்தது. கம்பத்தில் ஏறி, புனலுக்கு அடியில் தலையை முட்டி, சறுக்கி இறங்கியது. நாலைந்து முறை முயன்றது. பிறகு பறவைகள் சிந்திய விதைகளைத் தரையில் உட்கார்ந்து பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலையிலும் அது அங்கேதான் இருந்தது. மேலே கார்டினல், கீழே அணில். எல்லாரும் அவரவர் இடத்தில்.