பண்டாரம், பெட்டகம், லாக்கர்

பொன்னைப் பத்திரப்படுத்த மனிதர் கண்ட மிகப் பழைய வழி, அதை மண்ணுக்குள் புதைப்பது. 1898-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலை உருவத்தின் மேல் உளிவெட்டு விழுந்திருக்கிறது. புதைத்தவர் யார், ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பதற்குத் தடயம் ஒன்றும் இல்லை. புதையலின் பலம், பலவீனம் இரண்டும் இதில் இருக்கின்றன. இடம் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாய் திறக்காமல் இறந்துபோனால் பொன்னும் போய்விடும். 1878-ல் புதையல் சட்டம் கொண்டுவந்த ஆங்கில அரசு, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை மண்ணில் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. கொல்லையில் பாட்டன் புதைத்ததைத் தேடி மை போட்டுப் பார்ப்பவரிடம் போன குடும்பங்கள் கலெக்டரிடம் போனவற்றைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

நகை எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியலாம்? பூட்டும் சாவியும் எவ்வளவு மாறினாலும் இந்தக் கேள்வி தீரவில்லை. இதற்குப் புதைத்தவர் சொன்ன விடைக்கு நேர் எதிரான விடையைத் தஞ்சைப் பெரிய கோயில் சொன்னது. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அங்கே கொடுத்த நகைகளின் பட்டியல், ஏட்டோடு நிற்காமல் கோயிலின் கல்லிலேயே வெட்டப்பட்டது. பொன் ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லாலும், மணிகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, அதில் இருபதில் ஒரு பங்கான மஞ்சாடி, அதிலும் பாதியான குன்றி என்று கணக்கு இறங்கிக்கொண்டே போகிறது. கோத்த நூலும் பதித்த அரக்கும் எடையில் சேர்ந்தனவா என்பதுகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பட்டியலின் நுணுக்கம் இன்றைய அடகுக்கடை ரசீதில் இல்லை. முத்து என்று பொதுவாக எழுதிவிடாமல் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று பிரித்திருக்கிறார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் ஒளியோட்டத்தையும் சொல்கிறார்கள். வைரத்தில் புள்ளி, கீறல், செம்புள்ளி, கரும்புள்ளி, வெந்தது போன்ற தழும்பு இருந்தால் அதுவும் பதிவாகிறது. பக்திக்கு இவ்வளவு குறை சொல்லத் தேவையில்லை, காவலுக்குத் தேவை. நல்ல கல்லைப் பெயர்த்துவிட்டு மட்டமான கல்லைப் பதித்தால், சுவரில் இருக்கும் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆட்களைத் தேர்ந்ததிலும் இதே கணக்குத்தான். கருவூலத்தைக் கவனிக்கும் பண்டாரிகளாக நிலமோ உறவோ முதலோ உள்ளவர்களையே அனுப்ப வேண்டும் என்று, பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேய ஊர்களுக்கு அரசாணை போனது. பொருள் குறைந்தால் பிடிப்பதற்குச் சொத்தோ சுற்றமோ இருக்க வேண்டும் அல்லவா? திருமெய்காப்பு என்ற காவலர்களையும் ஊர்ச்சபைகளே அனுப்பி, ஆண்டுதோறும் நெல் அளந்தன. ஊரைக் கேட்காமல் கோயில் கருவூலத்தில் கைவைக்க உள்ளூர் ஆளால் முடியாது. படையோடு வருகிறவனுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தடையாகவில்லை. 1311-ல் டில்லி சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் தெற்கே வந்தபோது, பொன் இருக்கும் இடம் ஊரறிந்ததாக இருந்ததே கோயில்களுக்கு ஆபத்தாக முடிந்தது.

வீடுகளில் நகையின் முதல் பெட்டகம் உடம்புதான். தென்மாவட்டக் கிழவிகளின் காதில் தோளைத் தொடும்படி தொங்கிய பாம்படமும் தண்டட்டியும், கழுத்தில் கிடந்த காசுமாலையும் அழகுக்கு மட்டும் போட்டவை அல்ல. போட்டுக்கொள்ள முடியாதது மரப்பெட்டிக்குப் போனது, அல்லது நெல்குதிரின் அடியில், அரிசிப் பானைக்குள் போனது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் இதற்கு மேல் ஊர்க்காவல் இருந்தது. காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு; களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ அவர் பொறுப்பு. திருட்டுக்குத் துப்புச் சொல்லிப் பொருளை மீட்டுத் தருபவருக்குத் துப்புக்கூலி. ஆங்கில அதிகாரிகள் இதை மிரட்டல் வசூல் என்றார்கள். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் களவு போன நகைக்கு ஈடு தரும் கடமையை, 1859-ன் சென்னைப் போலீஸ் சட்டத்தின் வழியே வந்த காவல்துறை ஏற்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட்டித்தொழிலில் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய செல்வம் செட்டிநாட்டுக்கு வந்து குவிந்தபோது, வீட்டின் அமைப்பே காவலுக்கு ஏற்ப வளர்ந்தது. வளவின் இரு பக்கமும் வரிசையாக அறைகள். மணமான மகன் ஒவ்வொருவருக்கும் தனி அறை. அதன் சாவி அவன் மனைவியிடம். சமையலும் சடங்கும் பொதுவானாலும் அவள் கொண்டுவந்த கழுத்துரு என்ற தாலி மாலையும் வைரமும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். கூட்டுக்குடும்பம் என்றாலும் நகையில் கூட்டு இல்லை.

பூட்டு திண்டுக்கல்லிலிருந்து வந்தது. மாங்காய் வடிவப் பூட்டு, சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டு என்று அங்கே கையால் அராவிச் செய்த லீவர் பூட்டுகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணிப்பூட்டின் யுக்தி எளிமையானது: திறப்பதைத் தடுக்காவிட்டாலும் திறப்பது வீட்டாருக்குக் கேட்டுவிடும்.

பம்பாயில் 1897-ல் பூட்டுச் செய்யத் தொடங்கிய அர்தேசிர் கோத்ரெஜ், 1902-ல் இரும்புப் பெட்டகம் செய்தார். நகைக்கடைகளும் லேவாதேவிக்காரர்களும் அதை வாங்கினார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது 1923-ல் அந்த நிறுவனம் செய்யத் தொடங்கிய எஃகு அலமாரி; தமிழ்நாட்டில் அதன் பெயர் பீரோ. சீர்வரிசையில் கட்டிலோடு பீரோவும் சேர்ந்தது. உள்ளே சின்ன லாக்கர், அதன் சாவி பெரும்பாலும் அதே பீரோவில் புடவை மடிப்புக்குள். எல்லா வீட்டிலும் நகை ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் திருடனுக்குத் தேடும் வேலை மிச்சமாயிற்று. ஜன்னல் வழியே பீரோவை இழுத்துத் திறந்து திருடும் கும்பல்களுக்குப் போலீசாரும் பத்திரிகைகளும் வைத்த பெயர் ‘பீரோ புல்லிங்’.

நகையை வீட்டுக்கு வெளியே கொடுத்து வைக்கும் பழக்கம் வங்கிக்கு முன்பே அடகுக்கடையில் தொடங்கிவிட்டது. நீண்ட பயணம் போகிறவர்கள் பணத்தேவை இல்லாமலே சிறு தொகைக்கு நகையை அடகு வைத்துவிட்டுப் போவதுண்டு. வட்டியைக் காவல்கூலி என்று நினைத்துக்கொண்டார்கள். வங்கியின் மேல் நம்பிக்கை வர நாளாயிற்று. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் வங்கி நிறுவனம் திவாலாகிப் பலரின் சேமிப்பைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தாலும் பயம் உடனே போய்விடவில்லை. லாக்கரில் வைக்கும் நகைக்கு இந்த வகை ஆபத்து இல்லை. வைப்புத்தொகை வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். லாக்கர் நகையோ எப்போதும் வைத்தவருடையது, வங்கி இடத்தை மட்டும் வாடகைக்கு விடுகிறது.

லாக்கரின் பூட்டுக்கு இரண்டு சாவிகள். வங்கி அலுவலர் மாஸ்டர் சாவியைத் திருப்பிவிட்டு வெளியேறுகிறார். பிறகு வாடிக்கையாளர் தன் சாவியால் திறக்கிறார். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. மாவட்டக் கருவூலங்களின் இரட்டைப் பூட்டும் இதே முறைதான். ஒரு வேறுபாடு உண்டு: கருவூலத்தில் உள்ளிருப்பது பதிவேட்டில் இருக்கும், லாக்கரில் என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் விரும்பியதும் அதைத்தான். 1968-ன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தனிநபரிடம் 2 கிலோவுக்கும் குடும்பத்திடம் 4 கிலோவுக்கும் மேல் நகை இருந்தால் அரசிடம் அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் 1990-ல் ரத்தானது. 1994-ல் வருமானவரித் துறை, சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அறுபத்திரண்டரைப் பவுன் என்ற எண் தமிழ்க் குடும்பங்களுக்கு மனப்பாடமானது இப்படித்தான்.

வங்கிக்குத் தெரியாது என்பதன் விலை, நகை காணாமல் போகும்போது தெரிகிறது. வாடகை கட்டியிருந்தும் கொல்கத்தாவில் ஒரு வங்கி வாடிக்கையாளரின் லாக்கரை உடைத்தது. ஏழு நகைகளில் இரண்டுதான் திரும்பின என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரி 19-ல் வந்த தீர்ப்பு, வங்கிகள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லி, ஆறு மாதத்தில் விதி வகுக்க ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. அந்த ஆகஸ்டில் வந்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் நகை போனால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு ஈடு. வாடகை மூவாயிரம் என்றால் ஈடு மூன்று லட்சம். உள்ளே இருந்தது முப்பது பவுனோ முந்நூறோ, தொகை மாறாது. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை ஈடு கிடையாது.

தமக்குப் பின் லாக்கரில் உள்ளதைப் பெறுவதற்கு நியமனதாரர் பெயர் கொடுக்கும் உரிமை 1983-ன் சட்டத் திருத்தத்தில் வந்தது. லாக்கர் வைத்தவர் இறந்தால் நியமனதாரர் முன்னிலையில், தொடர்பில்லாத சாட்சிகளை வைத்துக்கொண்டு லாக்கரைத் திறந்து, உள்ளிருப்பதை ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுத்து அதன் பிறகே ஒப்படைக்க வேண்டும். ஆனால் உள்ளே முத்திரையிட்டு ஒட்டிய பொட்டலம் இருந்தால், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை அப்போதும் வங்கிக்கு இல்லை.