கண்ணாடியில் தெரியாத முகம்



வகுப்பில் ஆசிரியன் பிழையாக ஒன்றைச் சொல்லிவிட்டால், அதே வகுப்பில் அதனைத் திருத்திவிட வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்த பாடம். என் பிழை ஒன்றைத் திருத்த எனக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. அந்த மாணவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கின்றனர். ஆகவே வானொலியின் துணையை நாடுகின்றேன்.

'புல்லிட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரின் செங்குத்தான மேட்டுத் தெருக்களில் இரு கார்கள் ஒன்றையொன்று துரத்தும் காட்சி அதில் உண்டு. ஏறத்தாழ 11 நிமிடம் நீளும் அக்காட்சியை இளமையில் கண்டு மெய்ம்மறந்தவர்களுள் நானும் ஒருவன். துணிவுக்கு எடுத்துக்காட்டுக் கூற நேர்ந்தபோதெல்லாம், "அந்தக் காரை முழுவதும் ஓட்டியவர் நடிகர் ஸ்டீவ் மெக்வீனே" என்று மாணவர்களிடம் கூறி வந்தேன்.

முதலில் அந்தக் கார்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கர் அவற்றை 'மஸில் கார்' என்பர். உடலுக்கு மிஞ்சிய வலிமை கொண்டவை என்பது கருத்து. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விதி வகுத்திருந்தது. அதன் பிரிவாகிய பான்டியாக், 1964ஆம் ஆண்டு மாதிரியில், 389 கன அங்குல எஞ்சினை 'விரும்புவோர் தனியே பெறலாம்' என்று அறிவித்து, அவ்விதியைத் தந்திரமாகக் கடந்தது. ஜி.டி.ஓ. எனப் பெயர் பெற்ற அவ்வண்டி முதலாண்டிலேயே 32,000க்கு மேல் விற்பனையாயிற்று. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. ஆனால் அந்த வாழ்வு பத்தாண்டுகளே நீடித்தது. காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அத்துடன் அக்காலம் முடிந்தது.

'புல்லிட்' படத்தில் ஓடியவை பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கும் கறுப்பு நிற டாட்ஜ் சார்ஜரும் ஆகும். மஸ்டாங்கின் எஞ்சின் 390 கன அங்குலம். சார்ஜரின் எஞ்சின் 440. துரத்தல் சூடு பிடித்தவுடன் பின்னணி இசை நின்றுவிடும். எஞ்சின் முழக்கமும் டயர்களின் கிறீச்சொலியுமே கேட்கும். வேகம் மணிக்கு 110 மைலையும் தாண்டியது.

மெக்வீன் கார் ஓட்டத் தெரியாதவரல்லர்; பந்தயங்களில் கலந்துகொண்டவர். இப்படத்திலும் கணிசமான பகுதியை அவரே ஓட்டினார். ஆயினும் ஒரு திருப்பத்தில் கார் அவர் வசப்படாமல் தாண்டிச் சென்றுவிட்டது. டயர்கள் புகைய அவர் பின்னோக்கி வருவதைப் படத்தில் இன்றும் காணலாம். மேடுகளிலிருந்து கார் பாய்ந்து விழும் அபாயமான இடங்களில் அதனை ஓட்டியவர் பட் எகின்ஸ். கொலைகாரரின் சார்ஜரை ஓட்டியவர் பில் ஹிக்மன். ஸ்டண்ட் ஓட்டுநர்களுக்குத் தலைமை தாங்கியவர் கேரி லாஃப்டின். காரினுள் உள்ள பின்னோக்குக் கண்ணாடியில் மெக்வீனின் முகம் தெரிந்தால் ஓட்டுபவர் அவர். கண்ணாடி மேலே திரும்பியிருந்து முகம் தெரியாவிடில், ஓட்டுபவர் வேறொருவர் என்று கொள்க.

1963இல் வெளிவந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் சைக்கிளில் வேலியைத் தாண்டியவரும் எகின்ஸே. மெக்வீன் அதனை மறைத்தாரல்லர். அந்தப் பெருமை எகின்ஸுக்கு உரியது என்று வெளிப்படையாகவே சொன்னார். நடிகர் சொன்ன உண்மையை ஆசிரியனாகிய நான் சொல்லாது விட்டேன்.

'புல்லிட்' படத்தைத் தொகுத்த பிராங்க் கெல்லருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர்களின் கலைக்கோ அப்போது விருதே இல்லை. ஸ்டண்ட் அமைப்புக்கென ஒரு விருதை ஏற்படுத்துவதாக 2025ஆம் ஆண்டில்தான் அகாடமி அறிவித்தது. 2027இல் வெளிவரும் படங்கள் முதல் அது வழங்கப்படும் என்றது. லாஃப்டின், ஹிக்மன், எகின்ஸ் ஆகிய மூவரும் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மறைந்துவிட்டனர்.

கார்களின் கதையும் இதனை ஒத்ததே. படப்பிடிப்பில் இரண்டு மஸ்டாங்குகள் பயன்பட்டன. மெக்வீன் ஓட்டிய காரை 1974இல் ஒரு குடும்பத்தினர் 6,000 டாலருக்கு வாங்கினர். அவ்வீட்டு அம்மையார் ஓர் ஆசிரியை. அதிலேயே பள்ளிக்குச் சென்று வந்தார் என்று அறிந்தபோது நான் உவகை கொண்டேன். அது 2020ஆம் ஆண்டு ஏலத்தில், கட்டணம் உட்பட, 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. மேடுகளில் பாய்ந்து அடியெல்லாம் தாங்கிய மற்றொரு காரோ பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டளவில் மெக்சிகோவில் உருக்குலைந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது.

பழமையை எண்ணி ஏங்குவது குற்றமன்று, நானும் ஏங்குகின்றேன். ஆயினும் ஏக்கம் ஒளிபட்ட முகத்தையே நாடும். ஒளி படாத முகத்தைத் தேடிக் காண்பது வரலாற்றின் கடமை. என்னிடம் பயின்றவர் எவரேனும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், பழைய குறிப்பேட்டில் ஒரு பெயரை அடித்துவிட வேண்டா. அதன் அருகில் எகின்ஸ், ஹிக்மன், லாஃப்டின் என்ற மூன்று பெயர்களையும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.