கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. கைவிடப்பட்ட சிகிச்சைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை.

மூளைக் கட்டிகளைச் சுற்றி ஏற்படும் வீக்கத்தை ஸ்டெரொயிட் மருந்து தணிக்கின்றது என்பதை 1961 இல் அமெரிக்க வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். கட்டியால் வந்த வீக்கம் தணியுமாயின், அடிபட்ட மூளையின் வீக்கமும் தணியத்தானே வேண்டும்? இந்த அனுமானத்தின் பேரில், தலையில் படுகாயமுற்று வந்தோருக்குப் பல நாடுகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மருந்து ஏற்றப்பட்டது. பிழைத்தவர் மருந்தால் பிழைத்தார் என்றும், இறந்தவர் காயத்தால் இறந்தார் என்றும் கொள்ளப்பட்டது.

இடையிடையே சிறு ஆய்வுகள் நடந்தன. 1997 இல் அவற்றை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, மருந்து காக்கின்றதா கெடுக்கின்றதா என்றே கூற முடியவில்லை.

எனவே 1999 இல் 'கிராஷ்' எனும் பேராய்வு தொடங்கியது. 49 நாடுகளின் 239 வைத்தியசாலைகள் இதில் பங்கேற்றன. ஒரு சாராருக்கு ஸ்டெரொயிட்டும் மறுசாராருக்கு மருந்தற்ற திரவமும் ஏற்றப்பட்டன. யாருக்கு எது என்பது சிகிச்சையளித்த வைத்தியருக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்ப்பதே நோக்கமாயிருந்தது. ஆயினும் 10,008 பேருடன், 2004 மே மாதத்தில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இரண்டு வாரங்களுள் இறந்தோர், மருந்து பெறாதவருள் 17.9 சதவீதம்; பெற்றவருள் 21.1 சதவீதம். நூறு பேருக்கு மூவர் வீதம் மருந்தே மரணத்தைக் கூட்டியிருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அர்-ராஸி, மூளைச் சவ்வு அழற்சியின் அறிகுறி கண்டோருள் ஒரு சாராருக்கு இரத்தம் வடித்ததையும், மறுசாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டதையும் 'அல்-ஹாவி'யில் குறித்துள்ளார். இரத்தம் வடித்தலே காத்தது என்பது அன்னாரது முடிவு. அம்முடிவு இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நிலைத்துவிட்டது.

அதே கேள்வியுடன் 2010 இல் வெளியான 'கிராஷ்-2' ஆய்வு, இரத்தப்போக்குடைய 20,211 விபத்து நோயாளரிடம் ட்ரனெக்ஸாமிக் அமிலத்தைச் சோதித்தது. மலிவான அம்மருந்து மரணத்தைக் குறைத்தது. ஆனால் காயமுற்று மூன்று மணித்தியாலங்கள் கடந்தபின் கொடுத்தால் தீங்காகலாம் என்பதும் மறுவருடமே தெரியவந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடப்பவர், தமக்கு ஏற்றப்படுவது எதுவென்று கேட்கமாட்டார். அவருக்காக அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் வைத்தியர்தாம்.