கணக்குக் கேட்ட வேட்டையாளர்

காட்டில் திரியும் மானுக்கும் ஆற்றில் நீந்தும் மீனுக்கும் உரியவர் யார்? நிலத்துக்கு உடையவரா, ஆளும் அரசா, குடிமக்கள் அனைவருமா? ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள மிசூரி மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள், கையில் துப்பாக்கியும் தூண்டிலும் ஏந்திய எளிய மக்களே ஆவர். வேட்டையாடுபவன் விலங்குக்குப் பகைவன் என்றே எண்ணிப் பழகியவர்க்கு அவர்களது வரலாறு வியப்பளிக்கும்.

மிசூரியின் தென்பகுதியில் ஓசார்க் மலைத்தொடர் பரந்து கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மர வாணிகம் அம்மலைக் காடுகளுள் நுழைந்தது. மரங்கள் வீழ்ந்தன, வெட்டவெளியாகிய நிலங்களுக்கு ஆண்டுதோறும் தீ வைக்கப்பட்டது, மழைநீர் மேல்மண்ணை அரித்து ஓடைகளில் கொண்டு சேர்த்தது. காட்டின் அழிவோடு வரைமுறையற்ற வேட்டையும் சேர்ந்துகொண்டது. 1925ஆம் ஆண்டளவில் மாநிலம் முழுவதிலும் எஞ்சியிருந்த மான்கள் நானூறுக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. காட்டு வான்கோழியும் அருகிப்போயிற்று.

சட்டம் இல்லாமற் போகவில்லை, துறையும் இருந்தது. வேட்டையாடுவோரும் மீன்பிடிப்போரும் உரிமம் பெறக் கட்டணம் செலுத்தினர். ஆயினும் அத்துறையை நடத்தியது அறிவன்று, அரசியலே. ஆளுநர் மாறினால் துறைத்தலைவரும் மாறினார். காவலர் பதவி, தேர்தலில் உழைத்தவர்க்கு வழங்கும் பரிசாயிற்று. விலங்கின் வாழ்வியலை அறியாதவர் விலங்கைக் காக்கும் பொறுப்பில் அமர்ந்தனர். வேட்டைக் காலத்தைச் சட்டமன்றம் வகுத்ததால், இனப்பெருக்கத்தின் தேவையைவிடத் தொகுதியின் விருப்பமே அங்கு எடுபட்டது. வேலியே பயிரை மேய்ந்தது எனலாம். கட்டணம் செலுத்தியவர்களோ, தம் பணத்துக்கு ஈடாக வெறுங்காட்டையும் வறண்ட ஓடையையுமே கண்டனர்.

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கொலம்பியா நகரில் வேட்டையாளரும் மீன்பிடிப்போரும் பிற இயற்கை ஆர்வலரும் கூடினர். அவர்களுள் முன்னின்றவர் அந்நகர வணிகரான ஈ. சிட்னி ஸ்டீபன்ஸ். நல்ல சட்டம் ஒன்றை இயற்றுமாறு சட்டமன்றத்தை வேண்டலாம் என்பது ஒரு வழி. ஆனால் ஒரு சட்டமன்றம் இயற்றியதை அடுத்த சட்டமன்றம் நீக்கிவிடக்கூடும். மக்கள் வாக்கால் அரசமைப்பிலேயே பொறித்துவிட்டால், மக்கள் வாக்கின்றி அதை எவரும் அழிக்க இயலாது. இரண்டாம் வழியையே அவர்கள் தேர்ந்தனர். அன்று உருவான கூட்டமைப்பு ஊர்தோறும் கையொப்பம் திரட்டித் திருத்தத்தை வாக்குச்சீட்டில் ஏற்றியது.

1936ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், அதிபர் தேர்தலோடு அத்திருத்தமும் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரித்தோர் 879,213 பேர்; எதிர்த்தோர் 351,962 பேர். வாக்களித்தோருள் நூற்றுக்கு 71 பேர் ஏற்றுக்கொண்டனர். நாடு பொருளாதார வீழ்ச்சியில் வாடிய காலம் அது. வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடிய மக்கள் மானையும் மீனையும் எண்ணி வாக்களித்தனர் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

1937ஆம் ஆண்டு சூலை முதல் நாள் புதிய ஆணையம் பணி தொடங்கியது. அதன் அமைப்பிலேயே படிப்பினை உள்ளது. உறுப்பினர் நால்வர், ஒரே கட்சியைச் சேர்ந்தோர் இருவருக்கு மேல் இருத்தல் ஆகாது, பதவிக்காலம் ஆறாண்டு, ஊதியம் இல்லை. அவர்களை ஆளுநரே அமர்த்துவார். எனினும் இயக்குநரைத் தேர்வது ஆணையத்தின் உரிமை. வனவிலங்கு, மீன், காடு ஆகியவற்றுக்கான விதிகளை வகுப்பதும் அதன் பொறுப்பே. உரிமக் கட்டணம் இப்பணிகளுக்கன்றி வேறெதற்கும் செல்லலாகாது. மாநில உச்ச நீதிமன்றமும் 1938இல் ஆணையத்தின் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது.

1937ஆம் ஆண்டிலேயே கூட்டரசும் இதே நெறியில் ஓர் அடி வைத்தது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கென மாநிலங்களுக்குப் பகிரும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் பிறந்தது. உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அதில் பங்கில்லை என்பது நிபந்தனை. மீன்பிடிக் கருவிகளுக்கு ஒத்த சட்டம் 1950இல் வந்தது.

பலன் மெல்லவே விளைந்தது. சில ஆண்டுகள் மூடிக்கிடந்த மான் வேட்டைக் காலம் 1944இல் மீண்டும் திறக்கப்பட்டது. வான்கோழி வேட்டைக்கு 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. வேட்டையாடும் உரிமையைக் கேட்டவர்களே வேட்டையாடாது பொறுத்திருந்தனர்! 1976இல் மக்கள் சிறிய வேறுபாட்டில் மற்றொரு திருத்தத்தை நிறைவேற்றி, விற்பனை விலையில் நூற்றில் ஒரு பங்கின் எட்டிலொரு பகுதியை வரியாக இப்பணிக்கு ஒதுக்கினர். அதன்பின் கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றனர்.

ஆயினும் போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. மான்களை வாட்டிக் கொல்லும் மூளைநோய் 2010இல் அம்மாநிலத்தின் அடைப்பு மான்களிடையேயும், 2012இல் காட்டு மான்களிடையேயும் கண்டறியப்பட்டது. ஆணையம் அடைப்பு மான்களுக்குக் கடும் விதிகளை வகுக்க முற்பட்டது. அவற்றைக் கால்நடையெனக் கொண்டு ஆணையத்தின் ஆளுகையிலிருந்து விலக்கச் சட்டமன்றம் 2014இல் முயன்றது. ஆளுநர் மறுத்தார், அம்மறுப்பை வெல்லும் முயற்சி கீழவையில் ஒரே வாக்கில் தோற்றது. அடைப்புக்குள் இருப்பினும் மான் வனவிலங்கே என 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அரசியலின் பிடியிலிருந்து விடுபட்ட ஆணையம் யாருக்குப் பதில் சொல்லும்? நால்வர் கையில் இத்துணை அதிகாரம் இருத்தல் தகுமா? மான் பண்ணையாளர் எழுப்பிய இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கட்சிக்குக் கட்டுப்படாமை வேறு. மக்களுக்குக் கட்டுப்படாமை வேறு. முன்னதைச் சட்டத்தால் எழுதிவிடலாம். பின்னது நேராதபடி காப்பது, கூட்டத்துக்கு வந்து அமர்ந்து கேள்வி கேட்கும் குடிமகனின் கடமை.

கொலம்பியாவில் கூடியவர்கள் தம் கடமையைச் செய்தனர். அவர்கள் எழுதிவைத்த திருத்தம், அதனைக் காக்க ஆள் இருக்கும்வரை நிலைக்கும்.